மூன்றாம் எண்ணும் பதினான்கு குடம் தண்ணீரும்

என் வீட்டு அலமாரியில் பதினேழு நோட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம். எல்லாவற்றிலும் கணினிகளின் வெப்பமும் விசிறிகளின் சுற்றும்தான் எழுதியிருக்கிறேன். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நான் பார்த்துக்கொண்ட இயந்திரம் ஒன்று எந்த நாளில் எத்தனை டிகிரியில் இருந்தது என்று கேட்டால் இன்றும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை. என் மனைவி மட்டும் ஒவ்வொரு பொங்கலுக்கும், "இத எடைக்குப் போட்டுடட்டுமா?" என்று கேட்கிறாள்.

கணினிப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். திருகாணி கழற்றவும் தூசி தட்டவும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது, காணொளி இருக்கிறது. அவற்றில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். திரையில் ஓர் எண் ஏறுகிறது. அதை நம்புவதா வேண்டாமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த நேரத்தில் உங்களைச் சுற்றி நிற்பவர்கள் எண்ணைப் பார்க்க மாட்டார்கள். உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

முதலில் என் தவறு ஒன்று. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

விழுப்புரத்தில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினியை நான் கவனித்துவந்தேன். கணினியின் உள்ளே சூட்டை அறியும் சிறு உணரிகள் உண்டு. அவை சொல்வதை வாங்கித் திரையின் மூலையில் காட்ட ஒரு மென்பொருளைப் போட்டிருந்தேன். கணினியின் மூளையான செயலி இத்தனை டிகிரி, விசிறி நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். ஒருநாள் விசிறிக்கு நேரே பூஜ்யம் என்று காட்டியது. மென்பொருளுக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக் காபி குடிக்கப் போனேன். பதினெட்டு நிமிடம். திரும்பி வந்தபோது விசிறி நின்றுபோய், மர அலமாரிக்குள் அடைத்து வைத்திருந்த அந்தக் கணினி அடுப்பாகி, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பத்தொன்பது நாள் பரிசோதனை முடிவுகள் அதில் இருந்தன. எத்தனையோ பேர் மறுபடியும் கையை நீட்டி இரத்தம் கொடுத்தார்கள். அதில் ஓர் அம்மா என்னைப் பார்த்து, "என் உடம்புல இருக்கறதே கொஞ்சம், அதையும் நீ ரெண்டு தபா எடுத்துட்ட" என்றார்.

இனி எந்த எண்ணையும் அலட்சியம் செய்வதில்லை என்று அன்று முடிவெடுத்தேன். அந்த முடிவுதான் சில வருடங்கள் கழித்துத் திண்டிவனத்தில் என்னைக் கிட்டத்தட்டக் கவிழ்த்தது.

திண்டிவனத்துக்கு வெளியே ஒரு கல்லூரி. அதன் கணினிக்கூடத்தை அரசு வேலைகளுக்கான தேர்வு மையமாக வாடகைக்கு விடுவார்கள். தொண்ணூற்றாறு கணினிகள், நடுவே ஒரு சர்வர். அது எல்லோருக்கும் கேள்விகளை அனுப்பி, பதில்களை வாங்கி வைத்துக்கொள்ளும். அந்தச் சர்வருக்கு நான் பொறுப்பு. அதிலும் வெப்பம் பார்க்கும் மென்பொருளைப் போட்டேன். மூன்று எண்கள் வந்தன. ஒன்று செயலி, ஒன்று மதர்போர்டு. மூன்றாவதற்குப் பெயரே இல்லை. வெப்பம் மூன்று என்று மட்டும் இருந்தது. மற்ற இரண்டும் ஐம்பதைத் தாண்டாதபோது இது மட்டும் எப்போதும் ஐம்பத்தெட்டில் நின்றது. எது அதிகமோ அதுதான் ஆபத்து என்று எண்ணினேன். வெப்பம் மூன்று தொண்ணூற்றைத் தொட்டால் சர்வர் தானாகவே அணைந்துவிட வேண்டும் என்று மென்பொருளில் கட்டளை வைத்தேன். விழுப்புரத்தில் நடந்தது இங்கே நடக்காது என்று நிம்மதியானேன். அந்த எண் எந்த உணரியிலிருந்து வருகிறது என்று நான் பார்க்கவில்லை. பதினொரு மாதம் தினமும் நோட்டில் எழுதினேன், ஒருநாளும் அதைக் கேட்கவில்லை.

நான் சொல்லப்போகும் தேர்வு ஒரு சித்திரை மாதக் காலையில் நடந்தது. பத்து மணி முதல் ஒரு மணி வரை. வாசலில் ஒருவர் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். பெயர் ஆரோக்கியராஜ் என்றும், கண்டமங்கலம் பக்கம் என்றும், புதுச்சேரியில் கொத்தனார் வேலை செய்வதாகவும் அவரே சொன்னார். மனைவி ஸ்டெல்லா உள்ளே எழுதப் போயிருந்தாள்.

"ரெண்டு பஸ் மாறி வந்தோம் சார். கொழந்தைக்கு ஏழு மாசம். எங்கம்மா விடவே மாட்டேன்னாங்க. இந்த ஒரு தபா போய்ட்டு வரட்டும், இதோட வுட்டுடணும்னு சொல்லித்தான் அனுப்பிச்சாங்க. வயசும் அடுத்த மாசத்தோட தாண்டிடுது."

"நல்லா எழுதுவாங்க" என்றேன்.

"எழுதுவா சார். கொழந்தைக்குப் பால் குடுத்துக்கினே படிப்பா. மெஷினு நடுவுல நிக்காம இருந்தா போதும்."

மெஷினுக்கு நான்தான் பொறுப்பு என்பது அவருக்குத் தெரியாது.

தேர்வை நடத்தும் நிறுவனத்திலிருந்து ஒரு பார்வையாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை. பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியதும் சர்வரின் விசைப்பலகையையும் மவுஸையும் உருவி ஓர் உறைக்குள் போட்டு, முத்திரை ஒட்டி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அது விதி. அதன் பிறகு சர்வர் அறையில் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து திரையைப் பார்க்கலாம், தொட முடியாது. வெப்பம் காட்டும் சின்னக் கட்டம் மூலையில் தெரிந்துகொண்டிருந்தது. நாற்பத்தொன்பது, நாற்பது, ஐம்பத்தெட்டு.

பதினொன்று ஐந்துக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது. தேர்வு நிற்கவில்லை. நான் மூச்சை விட்டுக் கட்டத்தைப் பார்த்தேன். வெப்பம் மூன்று, எழுபத்தொன்பது.

ஜெனரேட்டரை இயக்குபவர் ஏழுமலை. என் வயதுதான் அவருக்கும். அவர் தேர்வறையின் ஏசிகளை ஒவ்வொன்றாகப் போட்டார். எண்பத்து மூன்று. எண்பத்தாறு. எண்பத்தெட்டு. இன்னும் ஒரு ஏசி பாக்கி இருந்தது. கைபேசியில் கூப்பிட்டு, "நாலாவது ஏசியப் போடாதீங்க" என்றேன்.

பார்வையாளர் திரும்பினார். "என்ன சார் பிரச்சினை?"

"தொண்ணூறு ஆனா சர்வர் தானா அணைஞ்சிடும்."

"யார் அப்படி வெச்சது?"

"நான்தான்."

"எடுத்துடுங்க."

"விசைப்பலகை உங்க உறையில இருக்கு."

அவர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதப் பிரிக்கிறதுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கு. தேர்வ நிறுத்தறதுக்கு. வேற எதுக்குப் பிரிச்சாலும் இந்த மையத்துத் தேர்வு செல்லாதுன்னு ஆயிடும். நீங்க சொல்லுங்க, முறையா நிறுத்திடலாம். இதுவரைக்கும் எழுதின பதிலாவது பத்திரமா இருக்கும்."

நிறுத்தினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். மறுபடி தொடங்கத் தலைமை அலுவலகத்திலிருந்து புதிய கடவுச்சொல் வர வேண்டும். அரை மணிக்குள் வராவிட்டால் எல்லோரையும் அனுப்பிவிட்டு வேறு ஊரில் வேறு ஒரு நாள் தேர்வு வைப்பார்கள். இதற்கு முன் ஒரு முறை கடவுச்சொல் வர ஐம்பது நிமிடம் ஆனது. அப்படி ஆனால் மாமியார் ஸ்டெல்லாவை மறுபடியும் அனுப்பப்போவதில்லை. ஆனால் நிறுத்தாமல் விட்டு, உள்ளே உண்மையிலேயே ஏதாவது எரிந்துகொண்டிருந்தால்? தொண்ணூற்றாறு பேரின் பதில்களும் போகும். எனக்கு அந்தப் பத்தொன்பது நாள் நினைவுக்கு வந்தது. "ரெண்டு தபா எடுத்துட்ட" என்ற குரலும் வந்தது.

"ரெண்டு நிமிஷம் குடுங்க" என்றேன்.

"ஒண்ணு" என்றார்.

நோட்டைப் புரட்டினேன். என் நோட்டில் ஒரு கட்டம் உண்டு, மின்வாரிய மின்சாரமா ஜெனரேட்டரா என்று குறிப்பதற்கு. ஏழுமலை அதை வைத்துத்தான் என்னைக் கிண்டல் செய்வார்: "சாரு எல்லாத்தையும் எண்ணிக்கினே இருப்பாரு. என் தலையில எத்தினி முடின்னு கேளுங்க, நோட்டுல இருக்கும்." அவருக்கு முடியே கிடையாது. அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். ஜெனரேட்டர் ஓடிய நாட்களில் மட்டும் வெப்பம் மூன்று மாறியிருந்தது. மாசியில் அறுபது. பத்து நாள் முன்பு சோதனை ஓட்டத்தில் அறுபத்து மூன்று. இன்று எண்பத்தெட்டு. மற்ற இரண்டு எண்களும் எப்போதும் அசையவில்லை. இன்றும் அசையவில்லை. விசிறிகளும் அப்படியே, ஆயிரத்து நூற்றெண்பது சுற்று, இரண்டாயிரத்து இருநூற்றுப் பத்து.

அப்போதுதான் பதினொரு மாதமாகக் கண்முன்னால் இருந்தது புத்தியில் பட்டது. வெப்பம் ஏறும், தாவாது. ஒரு குண்டான் தண்ணீரைக்கூட ஒரே நொடியில் ஐம்பத்தெட்டிலிருந்து எழுபத்தொன்பதுக்குக் கொண்டுபோக முடியாது. மின்சாரம் மாறிய அதே நொடியில் இந்த எண் தாவியது.

ஆனாலும் நோட்டை மட்டும் நம்பி முடிவெடுக்க எனக்குத் தைரியம் இல்லை. விழுப்புரத்தில் நான் செய்யாத காரியத்தை இங்கே செய்தேன். எழுந்து போய்ச் சர்வரின் இரும்புப் பெட்டிமேல் புறங்கையை வைத்தேன்.

குளிர்ந்திருந்தது. கூடவே மின்சாரம் சுருக்கென்று இழுத்தது. எறும்பு கடித்த மாதிரி.

"என்ன ஆச்சு?" என்றார் பார்வையாளர்.

"சூடு இல்ல சார். எர்த் இல்ல."

அவருக்கு விளக்க நேரமில்லை. ஏழுமலையைக் கூப்பிட்டு, "ஏசி மூணையும் நிறுத்துங்க. இன்னிக்கு ஜெனரேட்டர் கதவு எங்கயாவது ஜிவ்வுன்னு இழுத்துதா?" என்று கேட்டேன்.

"காலையிலேந்து இழுக்குது சார். செருப்போட தொட்டுக்கினு இருக்கேன்."

"எர்த் குழிக்கு எப்ப தண்ணி ஊத்தினீங்க?"

"அது வந்து சார்..." என்று இழுத்தார்.

"ஏழுமலை!"

"எட்டு நாள் ஆச்சி சார். ஆஸ்டல்ல குடிக்கவே தண்ணி இல்ல, வார்டன் குழாய்க்குப் பூட்டு போட்டுட்டாரு. மனுசனுக்கே இல்லாத தண்ணிய குழிக்கு எங்கேந்து சார் ஊத்தறது?"

ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் அந்தக் குழி இருக்கிறது. ஜெனரேட்டர் ஓடும்போது கசியும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்குவதற்காகக் கரியும் உப்பும் போட்டு ஒரு குழாயைப் புதைத்திருப்பார்கள். மண் ஈரமாக இருந்தால்தான் இறங்கும். தினமும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது ஏழுமலையின் வேலை. எட்டு நாள் சித்திரை வெயிலில் மண் ஓடாகிப்போனது. இறங்க வழியில்லாத மின்சாரம் கணினிப் பெட்டிகளில் நின்று, இந்த எண்ணைத் தூக்கிவிட்டது.

ஏசி நின்றதும் எண் எண்பத்து மூன்றுக்கு வந்தது. ஆனால் அங்கே நிற்கவில்லை. எண்பத்தைந்து, எண்பத்திரண்டு, எண்பத்தேழு என்று ஆடியது. அது ஒரே ஒரு முறை தொண்ணூற்றைத் தொட்டால் போதும். மணி பதினொன்று இருபது. இன்னும் நூறு நிமிடம்.

"நிறுத்தாதீங்க" என்றேன் பார்வையாளரிடம். "என் பேர்ல எழுதிக்கோங்க. நிறுத்த வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு, "இப்ப நான் என்ன செய்யணும்?" என்றார். அவர் அப்படிக் கேட்டதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

"ஜன்னலத் திறந்து வெச்சிக்கினு, அந்த மூணாவது எண்ண சத்தமா சொல்லிக்கினே இருங்க."

நான் வெளியே ஓடினேன். சர்வர் அறை ஜன்னலிலிருந்து ஜெனரேட்டர் கொட்டகை நூற்று நாற்பது அடி தூரம். எதிரில் ஆரோக்கியராஜ் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"சார், கரண்டு போச்சே. பரீச்ச நின்னுடுச்சா?"

"நிக்கல. நிக்காம இருக்கணும்னா அந்தக் குழிக்குத் தண்ணி ஊத்தணும்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கொத்தனாருக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் காரணம் தேவையில்லை போலும். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு லுங்கியை மடித்துக் கட்டினார். ஏழுமலை ஆஸ்டல் சமையலறையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு வந்தார். தண்ணீர் எங்கே? வேலிக்கு அந்தப் பக்கம் நிலக்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லை, அதன் மூலையில் மாடுகளுக்கான தொட்டி, விளிம்புவரை தண்ணீர். ஆரோக்கியராஜ் வேலியைத் தாண்டினார்.

கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்தார். "யோவ்! மாட்டுத் தொட்டியில யாருய்யா அது மொள்றது?"

"பரீச்ச நடக்குது அக்கா!"

"பரீச்ச எழுதறது மாடா?"

"என் பொண்டாட்டி அக்கா!"

அந்த அம்மா களைக்கொத்தைக் கீழே போட்டார். "சரி, மொண்டுக்கோ. அடியில கொஞ்சம் வுட்டுட்டுப் போ. ஜல்தியா, மாடு வர்ற நேரம்."

நான் கொட்டகைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் குழந்தையோடு நின்றேன். அது என் சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஜன்னலிலிருந்து பார்வையாளர் கத்தினார்: "எண்பத்தாறு!"

முதல் குடம். மண் சத்தத்தோடு உறிஞ்சியது. "எண்பத்தஞ்சு!"

இரண்டு, மூன்று. "எண்பத்தேழு!"

"இன்னா சார், ஏறுது!" என்றார் ஏழுமலை.

"ஊத்துங்க."

நாலாவது குடம் உள்ளே போகும்போது ஜன்னலிலிருந்து சத்தம் வரவில்லை. குழந்தை என் கையிலிருந்து நழுவுவதுபோல் இருந்தது, இறுக்கிப் பிடித்தேன். பிறகு குரல் வந்தது. "எண்பத்தொம்போது. எண்பத்தொம்போது சார்!"

இரண்டு பேரும் ஓடினார்கள். ஐந்தும் ஆறும் ஒன்றாகக் கவிழ்ந்தன. குழியின் வாயில் முதன்முறையாகத் தண்ணீர் தேங்கி, மெதுவாக இறங்கியது.

"எண்பத்து நாலு!" சிறிது நேரம் கழித்து, "எழுபத்தெட்டு!" எட்டாவது குடத்தில், "எழுபது!" அந்த மடிப்புக் கலையாத சட்டைக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏலம் கூறுகிறவரைப்போல, ஒவ்வோர் எண்ணையும் மகிழ்ச்சியோடு இறக்கிக்கொண்டே வந்தார். பதினான்காவது குடத்தில், "அறுபத்தொண்ணு. அங்கயே நிக்குது சார். ஆடவேயில்ல."

ஏழுமலை குடத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "எண்பத்தொம்போதுன்னு அவரு கத்துனதும் என் உசுரே பூட்ச்சி சார். பெரிய பேஜாரு. இத நோட்டுல எழுதிடாதீங்க, எட்டு நாள் ஊத்தலன்னு."

"எழுதுவேன்" என்றேன். "பதினாலு குடம் ஊத்தினீங்கன்னும் எழுதுவேன்."

ஒரு மணிக்குத் தேர்வு முடிந்தது. தொண்ணூற்றாறு பேரின் பதில்களும் சேர்ந்துவிட்டன என்று சர்வர் காட்டியது. நான் இரண்டு முறை எண்ணினேன். பார்வையாளர் உறையின் முத்திரையைப் பிரித்து விசைப்பலகையை என் கையில் கொடுத்தார். என் பேரில் எழுதிய குறிப்பையும் காட்டினார். கடைசி வரியில், தேர்வு இடையூறின்றி நடந்தது என்று இருந்தது.

எல்லோரும் போன பிறகு சர்வரை அணைத்து, பெட்டியைத் திறந்தேன். வெப்பம் மூன்று எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். மதர்போர்டின் ஓரத்தில் இரண்டு சின்ன ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தன. வேண்டுமானால் ஓர் உணரியைச் சொருகிக்கொள்வதற்காக வைத்த ஊசிகள். யாரும் எதையும் சொருகவில்லை. வெறும் ஊசிகள் சுற்றிலும் கசியும் மின்சாரத்தை வாங்கி அதையே வெப்பமாகக் காட்டியிருக்கின்றன. பதினொரு மாதமாக நான் பயந்துகொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தது, ஒன்றுமே மாட்டாத இரண்டு ஊசிகள் சொன்னதை. சிரித்தேன். யாருமில்லாத அறையில் நான் சத்தமாகச் சிரித்தது அநேகமாக அது ஒரு முறைதான்.

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். எண்ணை அலட்சியம் செய்ததும் தவறு, அதைக் காவலுக்கு உட்காரவைத்ததும் தவறு. இரண்டும் ஒரே தவறுதான். இரண்டு தடவையும் நான் எழுந்து போய் இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். எந்த எண்ணாக இருந்தாலும் அது எந்தக் கம்பியின் முனையிலிருந்து வருகிறது என்று முதல் நாளே போய்ப் பாருங்கள். பிறகு நோட்டில் எழுதுங்கள். நோட்டு எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். யார் சிரித்தாலும் சரி.

அன்று தாமதமாக வந்த விழுப்புரம் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அவர்கள் மூவரும் இருந்தார்கள். குழந்தை தூங்கியிருந்தது. ஸ்டெல்லா தன் கணவரின் சேறு படிந்த லுங்கியைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"பரீச்ச எழுதப் போனது நானு. நீ எங்க போய்ப் பொரண்டுட்டு வந்த?"

"தண்ணி ஊத்திக்கினு இருந்தேன்."

"எதுக்கு?"

"உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அவளும் திரும்பினாள். நான் அந்தக் கல்லூரியில் வேலை செய்பவன் என்று என் கழுத்திலிருந்த அட்டை சொன்னது.

"எப்படிம்மா எழுதினீங்க?" என்றேன்.

"நூறுல தொண்ணூத்தியொண்ணு போட்டேன் சார். ஒம்போது தெரியல, வுட்டுட்டேன்." பிறகு கொஞ்சம் தயங்கி, "கோவிச்சிக்காதீங்க சார். பாதியில ஏசிய நிறுத்திட்டாங்க. வேர்த்து ஊத்திச்சி, கை வழுக்கினு மவுஸையே புடிக்க முடியல. கேக்க ஆளில்ல. அத யாரு பாத்துக்கறாங்களோ, கொஞ்சம் சொல்லி வையுங்க" என்றாள்.

எண் அறுபத்தொன்றுக்கு இறங்கிய பிறகும் ஏசியைப் போட விடாதவன் நான்தான்; ஏழுமலையிடம் நான் அதைச் சொன்னபோது ஆரோக்கியராஜும் பக்கத்தில் இருந்தார். ஆரோக்கியராஜ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது.

"சொல்றேம்மா" என்றேன்.

நோட்டை எடுத்தேன். அன்றைய பக்கத்தின் அடியில் ஒரு வரி இடம் இருந்தது. தேர்வறை ஏசி, புகார் ஒன்று என்று எழுதிக்கொண்டேன்.